எத்தனை தடவை கேட்டாலும்

"நாகரசம்பட்டியா? அது எங்கே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியும். ஏனென்றால் என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். கைபேசியில் தேசப் படத்தைத் திறந்து, இரண்டு விரல்களால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, கடைசியில் காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவில் ஊரைக் கண்டுபிடித்துவிட்டு, "இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்றார்.

"என் சிநேகிதி இருக்கிறாள்" என்றேன்.

சிநேகிதியைப் பார்ப்பதைவிட வேறு ஸ்தல விசேஷம் வேண்டுமா? சகோதரிகளே, நீங்களே சொல்லுங்கள்!

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பர்கூர் எல்லாம் தாண்டினால் கிருஷ்ணகிரி வருகிறது. ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு குட்டி ரயில் ஓடியதாம். பின்னால் அதை மூடிவிட்டார்கள். ஆகவே நான் பஸ்ஸிலேயே போனேன்.

பர்கூர் தாண்டியதுமே பூமியின் முகம் மாறிவிடுகிறது. யாரோ ராட்சதக் குழந்தை விளையாடிவிட்டு அப்படியே போட்டுப் போனது போல், எங்கே பார்த்தாலும் பாறைக் குன்றுகள். ஒன்றின் மேல் ஒன்றாகக் கல் நிற்கிறது. விழவும் இல்லை, நகரவும் இல்லை. குன்றுகளுக்கு நடுவில் மாந்தோப்புகள். நான் போனது தை மாதம். மரத்துக்கு மரம் பூ. கிளிமூக்கு மாதிரி வளைந்த மூக்குடன் நம் ஊர்க் கடைக்கு வருகிற பெங்களூரா மாம்பழம் இருக்கிறதே, தோத்தாபுரி என்றும் சொல்வார்கள், அது இங்கேதான் ஏராளமாக விளைகிறது. பெரும்பகுதி கூழாக்கும் தொழிற்சாலைகளுக்குப் போய், டப்பாவில் அடைபட்டுக் கப்பல் ஏறுகிறது.

இந்தச் சீமைக்குப் பழைய பெயர் பாராமகால். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியார் கைக்குப் போனது. நெடுங்காலம் சேலம் ஜில்லாவாக இருந்து, 1965-இல் தர்மபுரி மாவட்டமாகி, 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. கர்நாடகம் கூப்பிடு தூரம், ஆந்திரமும் அப்படியே. அதனால் சந்தையில் தக்காளி விலை கேட்டால் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் பேரம் நடந்து கன்னடத்தில் முடிகிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து டவுன் பஸ் ஏறினேன். என் பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டையுடன் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். ஓசூரிலும் போச்சம்பள்ளிப் பக்கத்திலும் தொழிற்சாலைகள் பெருகியபின், இம்மாதிரிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் முறை வைத்து வேலைக்குப் போகிறார்கள். பாவம், ராத்திரி முறை முடித்து வருகிறாள் போலிருந்தது. கண் சொருகிக்கொண்டு போயிற்று. அந்தச் சமயத்தில் அவளுடைய போன் மணி அடித்தது.

"ஏம்மா, எத்தனை வாட்டி சொல்றது? சாப்ட்டேன்மா! வை போனை!"

சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துத் தூங்கிப் போனாள். அதற்குப் பிறகு நான்தான் மாந்தோப்பையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

* * *

நாகரசம்பட்டி ஒரு பேரூராட்சி. தென்னையும் மாவும் சூழ்ந்த ஊர். தென்பெண்ணையாறு காவேரிப்பட்டணத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. ஆற்றின் குறுக்கே 1950-களில் கட்டிய கிருஷ்ணகிரி அணை சற்று மேலே இருக்கிறது. பக்கத்திலே பாரூர்ப் பெரிய ஏரி. இந்தப் பக்கத்தில் பச்சை என்று எதைப் பார்த்தாலும் இந்தத் தண்ணீரின் தயவுதான்.

என் சிநேகிதி ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. சேலத்தில் ஒரே விடுதி அறையில் மூன்று வருஷம் இருந்தோம். அவள் தகப்பனார் பழைய சுயமரியாதைக்காரர். வீட்டுக் கூடத்தில் சாமி படம் கிடையாது, பெரியார் படம்தான். நானோ ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற கத்தோலிக்க வீட்டுப் பெண். இருந்தும் எங்களுக்குள் ஒரு நாள் சண்டை வந்ததில்லை. அவள் என்னைக் கேலி செய்வாள். நான் அவளுக்காக வேண்டிக்கொள்வேன். கணக்குச் சரியாகப் போய்விடும்.

வாசலிலேயே ஒரு கயிற்றுக் கட்டிலில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். எண்பத்து நான்கு வயது. விடுதிக்கு வரும்போதெல்லாம் எனக்கும் சேர்த்து நிலக்கடலை உருண்டை கொண்டு வந்த பெரியம்மா! என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா கண்ணு. எப்ப வந்தே? சாப்ட்டியா?"

"இப்பத்தான் பெரியம்மா. இனிமேல்தான் சாப்பிடணும்."

உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். "வா கண்ணு. எப்ப வந்தே? சாப்ட்டியா?" என்றார்கள் மறுபடியும். சிநேகிதி கண்ணைக் காட்டினாள். மறதி நோய். இரண்டு வருஷமாக இப்படித்தானாம். கேட்ட கேள்வியும் நிற்காது, சொன்ன பதிலும் நிற்காது.

ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள் சிநேகிதி. அந்தக் குளிருக்கு அமிர்தமாக இருந்திருக்க வேண்டும். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. சாயங்காலத்துக்குள் பெரியம்மா அதே கேள்வியைப் பன்னிரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். பதின்மூன்றாவது தடவை நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன்.

* * *

நேயர்களே, இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மாம்பூவையும் ஏரியையும் வர்ணித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நான் அந்த ஊருக்கு ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு போனேன். அதை மறைத்தால் பிரயாணக் கட்டுரையில் பாதி பொய்யாகிவிடும்.

என் அம்மாவுக்கும் இதே மறதி நோய்தான். திருச்சியில் தம்பி வீட்டில் இருந்தாள். தினம் எனக்குப் போன் செய்வாள். கேள்வி ஒன்றே ஒன்று: "நாளைக்கு வர்றியா?" நான் "அடுத்த மாசம் வரேன் அம்மா" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவாள். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் மணி அடிக்கும்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு நாள் சாயங்காலம். மகனுக்குப் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். கூடம் நிறைய மனிதர்கள். அம்மா ஏழு தடவை கூப்பிட்டாள். ஏழாவது தடவை சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, "வர மாட்டேன். இனிமே என்னைக் கூப்பிடாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.

எதையுமே நினைவில் வைத்திருக்க முடியாத அம்மா, இதை மட்டும் எப்படியோ வைத்துக்கொண்டாள். நானும் வேலை மும்முரத்தில், "இன்றைக்குத் தொந்தரவு இல்லை" என்று இருந்துவிட்டேன். பதினோராம் நாள் தம்பி கூப்பிட்டான். எல்லாம் முடிந்திருந்தது.

இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். எங்கள் சபையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இப்போது ஒப்புரவு என்பார்கள். செய்த குற்றத்தைக் குருவானவரிடம் வாய்விட்டுச் சொன்னால், அவர் கடவுளின் பெயரால் மன்னிப்புக் கொடுத்து, பரிகாரமாக ஏதாவது செய்யச் சொல்வார். கேட்டதை அவர் உயிர் போனாலும் வெளியில் சொல்லக் கூடாது. சொன்னவள் சொல்லலாம், அதனால்தான் நான் உங்களிடம் சொல்கிறேன். நான்கு வருஷத்தில் ஒன்பது தடவை, வெவ்வேறு கோவில்களில், இதே குற்றத்தைச் சொன்னேன். ஒன்பது தடவையும் மன்னிப்புக் கிடைத்தது. ஒரு தடவையாவது தூக்கம் வந்ததா என்றால், இல்லை.

கொல்லைப்புறத்துத் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து இவ்வளவையும் சிநேகிதியிடம் சொல்லி அழுதேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "உன்னோட சாமி உன்னை மன்னிச்சுட்டார்னு நீ நம்பறியா, இல்லையா?" என்றாள்.

"நம்பறேன்."

"அப்புறம் நீ யாரு? அவருக்கு மேலே அப்பீல் கோர்ட்டா?"

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமி இல்லை என்கிறவளுக்குச் சாமியைப் பற்றி இவ்வளவு தெளிவு இருக்கிறதே!

"நாளைக்குச் சனிக்கிழமை. உன்னைக் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். பத்தாவது தடவையா போய்க் கேட்டுப் பாரு. நான் வெளியிலே புளிய மரத்தடியிலே உட்கார்ந்திருக்கேன்" என்றாள்.

* * *

பாறையும் ராகியும் உள்ள இந்தச் சீமையில் கிறிஸ்தவம் ஏது என்று நினைத்துவிடாதீர்கள். எலத்தகிரி, கந்திகுப்பம் என்று தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள் வாழும் ஊர்கள் கிருஷ்ணகிரியைச் சுற்றி இருக்கின்றன. பழைய மைசூர் மிஷனைச் சேர்ந்த சேசு சபைக் குருக்கள் காலத்திலிருந்தே இந்தப் பக்கத்தில் வேதம் பரவியிருக்கிறது. 1997-இல் தர்மபுரியைத் தலைமையிடமாக வைத்துத் தனி மறைமாவட்டமே ஏற்பட்டது.

பாவசங்கீர்த்தனம் தமிழுக்கும் புதிதல்ல. போர்த்துக்கல் தேசத்து அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறையில் தமிழ் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இரண்டே வருஷம் கழித்து, 1580-இல், அவர் வெளியிட்டது என்ன தெரியுமா? பாவசங்கீர்த்தனம் செய்வதற்கு வழிகாட்டும் நூல், 'கொம்பெசியொனாயரு'. தமிழில் ஆதியில் அச்சேறிய புத்தகங்களில் ஒன்று, மனிதன் தன் குற்றத்தை எப்படிச் சொல்லி இறக்கி வைப்பது என்பதைப் பற்றியது! நம் பாட்டிமார்களுக்கும் தூக்கம் வராத இரவுகள் இருந்திருக்கின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நாங்கள் போன கோவில் எந்த ஊர்க் கோவில் என்று சொல்லப் போவதில்லை. சின்னக் கோவில், வாசலில் புளிய மரம், உள்ளே ஒரு கிழவி மட்டும் ஜபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். குருவானவர் வயதானவர். முழங்கால் வலியோ என்னவோ, நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். நான் மண்டியிட்டுப் பத்தாவது தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதை முன்னால் சொல்லியிருக்கிறீர்களா அம்மா?"

"ஒன்பது தடவை, சாமி."

"மன்னிப்புக் கிடைத்ததா?"

"கிடைத்தது, சாமி."

"அப்படியானால் இன்றைக்கு எதை மன்னிக்கச் சொல்கிறீர்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. சேசு சபையை ஏற்படுத்திய இஞ்ஞாசியாரின் கதையைச் சொன்னார். போர்வீரராக இருந்து மனம் மாறியவர் அவர். 1522-இல் ஸ்பெயின் தேசத்து மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, பழைய பாவங்களையெல்லாம் எழுதி எழுதிப் பாவசங்கீர்த்தனம் செய்தாராம். செய்து முடித்ததும், "எதையாவது சரியாகச் சொல்லாமல் விட்டோமோ?" என்று மறுபடியும் ஆரம்பிப்பாராம். உயிரையே விட்டுவிடலாமா என்கிற அளவுக்கு அந்த வேதனை போயிற்று. கடைசியில், இந்தப் பழைய பாவங்களை இனிமேல் மறுபடி சொல்வதில்லை என்று தீர்மானம் செய்துகொண்ட பிறகுதான் நிம்மதி பிறந்தது.

"அவ்வளவு பெரிய மகானுக்கே வந்த வியாதி உங்களுக்கு வந்திருக்கிறது" என்று சொல்லி அந்தக் கிழவர் சிரித்தார். "பார்ப்பதற்குத் தாழ்ச்சி மாதிரி இருக்கும். உள்ளே கொஞ்சம் கர்வம் இருக்கிறது. 'கடவுளின் மன்னிப்பு மற்றவர்களுக்குப் போதும். என் குற்றத்துக்குப் போதாது' என்கிற கர்வம்."

சுருக்கென்றது. புளிய மரத்தடியில் இருந்தவளும் இதைத்தானே சொன்னாள்!

"ஆனால், சாமி, அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க முடியவில்லையே?"

"அவர்கள் போன இடத்தில் மறதி நோய் கிடையாது அம்மா. இங்கே அவர்களுக்கு ஒரு வார்த்தைதான் ஞாபகம் நின்றது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அங்கே உங்கள் முழு ஆயுசும் ஞாபகம் இருக்கும். கேளுங்கள், காதில் விழும்."

பிறகு இராயப்பரைப் பற்றிச் சொன்னார். பேதுரு என்றும் சொல்வார்கள். இயேசுநாதரைப் பிடித்துப் போன இரவில், முற்றத்தில் கரி நெருப்பில் குளிர் காய்ந்துகொண்டே, "அவரை எனக்குத் தெரியாது" என்று மூன்று தடவை சொன்னவர். அதே இரவில் காட்டிக் கொடுத்த யூதாசும் பிறகு மனம் வருந்தினான். வாங்கிய வெள்ளிக் காசுகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டான். ஆனால் தனக்குத் தானே நீதிபதியாகித் தண்டனையும் கொடுத்துக்கொண்டான். இராயப்பரும் அழுதார். ஆனால் ஓடிப் போகவில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவர் ஏரிக்கரையில் வந்து நின்றபோது, அங்கேயும் கரி நெருப்பு, அதில் மீன். ஆண்டவர் பழைய கதையை எடுக்கவே இல்லை. முதலில் சாப்பிடச் சொன்னார். அப்புறம், தன்னை நேசிக்கிறாயா என்று ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார்.

"மூன்றாவது தடவை கேட்டதும் இராயப்பருக்கு மனசு சங்கடப்பட்டது" என்றார் குருவானவர். "ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் யாருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும், இல்லையா? இருந்தாலும் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்கும் ஆண்டவர் ஒரு வேலை கொடுத்தார். ஆடுகளைக் கவனித்துக்கொள் என்றார். மன்னிப்பு என்றால் அழித்துவிட்டுச் சும்மா இருப்பதல்ல அம்மா. செய்தது சரிதான் என்று சொல்லிக்கொள்வதும் அல்ல. தப்பு தப்புதான். ஆனால் அதோடு உங்கள் உபயோகம் முடிந்துவிடவில்லை."

பரிகாரமாக ஐம்பத்து மூன்று மணி ஜபமாலை சொல்லச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"நீங்கள் தங்கியிருக்கிற வீட்டுப் பாட்டி எத்தனை தடவை கேட்டாலும், முதல் தடவை கேட்டது போலவே பதில் சொல்லுங்கள். அவ்வளவுதான்."

* * *

வெளியில் வந்தேன். சிநேகிதி ஒன்றும் கேட்கவில்லை. தூக்குச் சட்டியிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். மலைப் பக்கத்துக் குளிர்காற்றில் மாம்பூ வாசனை வந்தது. வந்து இரண்டு நாளாகியும் அப்போதுதான் அது என் மூக்குக்கு எட்டியது.

அன்றிரவும் மறுநாளும் நான் கட்டிலருகில்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தை. இந்த வட்டாரத்தில் பெரிய சந்தை. ஆடு, மாடு, கோழி, தானியம், கீரை, துணி, பாத்திரம் என்று எல்லாம் வந்து குவியும். கட்டாயம் பார்க்க வேண்டியது. எனக்குப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. சிநேகிதி போய்க் காய்கறி வாங்கி வந்தாள். நான் பெரியம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, தலை துவட்டி, சாதம் பிசைந்து ஊட்டினேன்.

"எப்ப வந்தே கண்ணு? சாப்ட்டியா?"

"வெள்ளிக்கிழமை வந்தேன் பெரியம்மா. சாப்பிட்டேன். களி சாப்பிட்டேன்."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

பதினேழு தடவை வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ண மறந்துவிட்டேன். எண்ணாமல் விட்ட பிறகுதான் தெரிந்தது: ஒவ்வொரு தடவையும் பெரியம்மா நிஜமாகவே புதிதாகத்தான் சந்தோஷப்படுகிறார்கள்! நமக்குத்தான் அது பழைய கேள்வி. அவர்களுக்கு நாம் ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் வந்து இறங்கிய விருந்தாளி. இதை நான்கு வருஷத்துக்கு முன் தெரிந்துகொள்ளவில்லையே என்று ஒரு நிமிஷம் நெஞ்சு அடைத்தது. "அம்மா, தப்பு செய்துவிட்டேன். மன்னித்துக்கொள்" என்று மனசுக்குள் சொன்னேன். ஒரே தடவைதான் சொன்னேன். பிறகு எழுந்துபோய்ப் பெரியம்மாவின் புடவையை உலர்த்தினேன். அன்று இரவு தூங்கினேன்.

சகோதரிகளே, உங்களில் எத்தனை பேரிடம் இம்மாதிரி மூட்டை இருக்கிறதோ எனக்குத் தெரியாது. கடைசியாகச் சொன்ன கடுஞ்சொல், போகாமல் விட்ட பிரயாணம், எடுக்காமல் விட்ட போன் என்று ஏதாவது ஒன்று இருக்கும். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், கும்பிடாவிட்டாலும், நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். இனிக் கடனில்லை என்று பெரியவர் சொன்ன பிறகும் வட்டி கட்டிக்கொண்டிருக்காதீர்கள். அந்த வட்டிப் பணத்துக்குப் பக்கத்திலேயே செலவு இருக்கிறது. உங்கள் தெருவிலேயே ஒரு பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து, கேட்ட கேள்வியையே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

திங்கட்கிழமை காலையில் கிளம்பினேன். பெரியம்மா கட்டிலிலிருந்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நாளைக்கு வர்றியா கண்ணு?"

என் சிநேகிதி சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். என் அம்மாவின் கேள்வி! அட்சரம் பிசகாமல் அதே கேள்வி!

"நாளைக்கு முடியாது பெரியம்மா. மாம்பழக் காலத்திலே வர்றேன். கட்டாயம் வர்றேன்."

"சரி கண்ணு" என்றார்கள். பஸ் வருவதற்குள் இன்னும் நான்கு தடவை கேட்டார்கள். நான்கு தடவையும் சொன்னேன்.

சென்னைக்கு வந்ததும் வைகாசி மாதத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்தத் தடவை என் வீட்டுக்காரரும் வருகிறாராம். நாகரசம்பட்டியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர் இப்போது கேட்பதில்லை.